கார்புரேட்டர் மேல் பழி போடாதீர்கள்



இந்த வாரம் பழைய நினைவு எதையும் எழுதப் போவதில்லை. ஒரு சண்டை போடப் போகிறேன். காலையில் காந்தி சிலைப் பக்கம் என்னோடு நடக்கிறவர்களுக்கு இது பழைய சண்டைதான். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இது. ஒரு வண்டி ஓடவில்லை என்றால், ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்காமல் "மாத்திடலாம்" என்று சொல்கிறவர் மெக்கானிக் அல்ல, கடைக்காரர். அவருக்கு மெக்கானிக் கூலி கொடுக்கக் கூடாது. நம்மில் பலர் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு, "பழைய வண்டி, அப்படித்தான் சார் இருக்கும்" என்று அவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு வருகிறோம்.

இதை நம் ஊர் ஸ்கூட்டரை வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இதை முழுதாகப் புரிந்துகொண்டது நம் ஊரிலிருந்து வெகு தூரத்தில், முழங்கால் அளவு பனியில் நின்றுகொண்டு. அதனால் அந்தக் கதையையே சொல்கிறேன்.

என் இரண்டாவது மகளும் மாப்பிள்ளையும் கனடாவில் கியூபெக் மாகாணத்தில், சகெனே என்ற பகுதியில் இருக்கிறார்கள். இருவரும் நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்கள். அந்த மாகாணத்தில் குடியேற அது கை கொடுத்தது. ஒரு குளிர்காலம் நானும் என் மனைவியும் அங்கே போய் மூன்று மாதம் இருந்தோம். நானும் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன்தான். ஆனால் அங்கே பேசுகிற பிரெஞ்சு வேறு ரகம். முதல் நாள் பக்கத்து வீட்டு முசியே தன்னுடைய "ஷார்" ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி "ஷார்" என்றால் பழங்காலத்து ரதம், இல்லாவிட்டால் ராணுவ டாங்கி. இந்த மனிதர் வீட்டில் தேர் வைத்திருக்கிறாரா என்று விழித்தேன். அங்கே காருக்கே அதுதான் பெயராம்.

அந்த முசியே வயதானவர். முதியோர் இல்லத்துக்குப் போகிற ஏற்பாட்டில் இருந்தார். அவரிடமிருந்துதான் மாப்பிள்ளை ஒரு பழைய ஸ்னோமொபைல் வாங்கியிருந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் ரப்பர் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிள் மாதிரி உட்கார இடம். பனி மேல் ஓடுகிற வண்டி. அங்கே "மோத்தோநேழ்" என்பார்கள். கியூபெக்கில் இதற்கென்றே 30,000 கிலோமீட்டருக்கு மேல் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்.

பணக்காரர் விளையாட்டுச் சாமான் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி அல்ல. இந்த வண்டிக்கு வழி காட்டியவர் ழோசெஃப் அர்மான் பொம்பார்தியே என்ற கியூபெக் மெக்கானிக். வல்கூர் என்ற சின்ன ஊரில் கராஜ் வைத்திருந்தவர். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்னக் குழந்தைக்கு வயிற்றில் நோய் வந்தது. பனியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லாமல் குழந்தை இறந்துபோனது. பனியில் ஓடுகிற வண்டி செய்ய அவர் அதற்கு முன்பே முயன்றுகொண்டிருந்தார். அதன் பிறகு விடவே இல்லை. 1937-இல் அவருடைய பட்டை அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று பார்க்கிற மாதிரி சின்ன வண்டி 1959-இல் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வண்டி நடு வழியில் நின்றால் நம் ஊரில் ஸ்கூட்டர் நின்ற மாதிரி தள்ளிக்கொண்டு வர முடியாது. மைனஸ் 25 டிகிரி. சுற்றிலும் காடு. நடந்து வருவது உயிரோடு விளையாட்டு.

சரி, தொந்தரவு என்ன? சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். சோக்கை விட்டால் இரண்டு மூச்சு விட்டு நின்றுபோகும். பாதி சோக்கில் வைத்துக்கொண்டால் இருமிக்கொண்டே ஓடும். மாப்பிள்ளை ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனார். அங்கே பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்கள்: "இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இரண்டுமே போச்சு. புதுசு போடணும். கூலியோடு 900 டாலர்." வண்டியையே மாப்பிள்ளை 1,200 டாலருக்குத்தான் வாங்கியிருந்தார்.

"சரி மாமா, போட்டுடலாம். வேற வழி?" என்றார் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, போச்சுன்னா என்ன போச்சு? எது போச்சு? எப்படித் தெரிஞ்சுது? கேட்டீங்களா?" என்றேன். கேட்கவில்லை. நாம் யாரும் கேட்பதில்லை. டாக்டரிடம்கூடக் கேட்பதில்லை.

நான் மெக்கானிக் இல்லை. அரசு அலுவலகத்தில் ஃபைல் தள்ளியவன். ஆனால் 1970-களில் என்னிடம் ஒரு சுவேகா மொபெட் இருந்தது, அதன் பிறகு சேத்தக். அதற்கும் முன்னால் என் சித்தப்பாவின் சொலெக்ஸ். முன் சக்கரத்து மேல் எஞ்சின் உட்கார்ந்திருக்குமே, அது. நம் ஊர் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த சொலெக்ஸ் என்பதே முதலில் பிரான்சில் கார்புரேட்டர் செய்து பெயர் வாங்கிய கம்பெனி. எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் கடை போட்டிருந்த மெக்கானிக் அண்ணன் எழுதப் படிக்கத் தெரியாதவர். வண்டி நின்றால் அவர் ஸ்பானரைத் தொட மாட்டார். "பெட்ரோல், காத்து, நெருப்பு. மூணுல எது வரல?" என்று கேட்பார். அதற்கு விடை கிடைத்த பிறகுதான் கை வேலை செய்யும். பள்ளியில் பாதிரியார் தெக்கார்த் என்ற தத்துவ அறிஞரைப் பற்றிச் சொன்னார். 1637-இல் புத்தகம் போட்டு, பெரிய சிக்கலைச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் பார் என்று உலகத்துக்குச் சொன்னவராம். எனக்கு அது புரிந்தது பாதிரியாரிடம் அல்ல, வேப்பமரத்தடியில்.

முசியே வண்டியோடு அதன் கையேட்டையும் கொடுத்திருந்தார். பிரெஞ்சில் இருந்தது. கிரீஸ் கறையோடு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. மாப்பிள்ளை அதைத் திறந்தே பார்க்கவில்லை. நான் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். ஃபைல் படித்துப் பழகியவனுக்கு அது பெரிய விஷயமா?

கார்புரேட்டரும் ஓர் அலுவலகம்தான், மூன்று செக்‌ஷன். ஆக்ஸிலேட்டரை விட்டிருக்கும்போதும், கொஞ்சம் திருகும்போதும் பெட்ரோல் கொடுப்பது ஸ்லோ ஜெட். நடுவில் கொடுப்பது ஊசி. முழுக்கத் திருகினால் மெயின் ஜெட். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன தொந்தரவு" என்பது அல்ல, "எந்த நிலையில் தொந்தரவு" என்பது. எங்கள் வண்டிக்குத் தொந்தரவு ஐடிலிங்கில். சோக் என்பது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற வழி. சோக் இழுத்தால்தான் உயிர் வருகிறது என்றால், பெட்ரோல் குறைவாக வருகிறது, இல்லாவிட்டால் காற்று கூடுதலாக வருகிறது. இவ்வளவும் ஸ்பானரைத் தொடாமலே தெரிந்துபோயிற்று.

முதல் சனிக்கிழமை கராஜில் வேலை தொடங்கினோம். கதவை முழுக்கத் திறந்து வைத்தேன். குளிர் தாங்காமல் மாப்பிள்ளை மூடப் பார்த்தார். மூட விடவில்லை. மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிட்டால் அந்தப் புகையில் இருக்கிற விஷ வாயுவுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. ஆளைச் சாய்த்துவிடும்.

முதலில் பெட்ரோல். தொட்டியில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தோம். போன குளிர்காலத்துப் பெட்ரோல். வார்னிஷ் வாடை அடித்தது. அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. அதைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினோம்.

அடுத்து ஸ்பார்க் பிளக். இரண்டையும் கழற்றி வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடது பக்கத்துப் பிளக் பழுப்பு நிறம், வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி. அதுதான் நல்ல நிறம். வலது பக்கத்துப் பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வெளுத்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கரியாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம்.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பட்டறையில் சொன்னது என்ன? "இரண்டுமே போச்சு." பிளக் சொன்னது என்ன? இடது பக்கம் சுகமாக இருக்கிறது. பிளக்கைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை அவர்கள் செலவழித்திருந்தால் பாதித் தீர்ப்பு அப்போதே விழுந்திருக்கும்.

வலது கார்புரேட்டரைக் கழற்றி, ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தேன். அடியில் பச்சையாகப் பிசின் மாதிரி படிந்திருந்தது. ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை பாதி அடைத்திருந்தது. மாப்பிள்ளை கம்பி எடுத்து வந்தார். வேண்டாம் என்றேன். ஜெட் பித்தளை. கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகும், அப்புறம் அந்த ஜெட் வாழ்நாள் முழுக்கப் பொய்க் கணக்கு காட்டும். கிளீனர் விட்டு ஊறவைத்துக் காற்றடித்தோம். இது வேப்பமரத்து அண்ணன் சொல்லிக்கொடுத்தது. ஒரு முறை நானே பிரேக் கம்பியை விட்டுக் குடைந்துவிட்டு அவரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மாட்டினோம். கயிற்றை இழுத்தார் மாப்பிள்ளை. ஸ்டார்ட் ஆனது. சோக்கை விட்டும் ஓடியது. பேத்தி கைதட்டினாள். என் மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

மறுநாளே ஏரிப் பக்கம் போக வேண்டும் என்றார் மாப்பிள்ளை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சின் உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் உயரத்திலேயே நின்று யோசித்துவிட்டு இறங்கியது. சிறிது நேரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் வலது பக்கம் இன்னும் வெளுப்புதான்.

"மாமா, அதான் ஓடுதுல்ல, விடுங்க" என்றார்.

"ஓடுதுங்கறது வேற, சரியா இருக்குங்கறது வேற மாப்பிள்ளை. நாளைக்குப் போக வேண்டாம்."

அவருக்குக் கோபம். வெளியே காட்டவில்லை. இரவு சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. மகள் என்னை முறைத்தாள். வந்த இடத்தில் மாமனார் பெரிய எஞ்சினியர் மாதிரி நடக்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் இந்த மாதிரி எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் வெறும் இருமலோடு போகாது. சூடு ஏறும். ஏற ஏறப் பிஸ்டன் விரியும். ஒரு கட்டத்தில் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் மேலே ஓட்டையே விழும். நல்ல வேகத்தில், வீட்டிலிருந்து வெகு தூரத்தில்தான் அது நடக்கும்.

அடுத்த சனிக்கிழமை மூன்றாவது கேள்விக்கு வந்தேன். நெருப்பு இருக்கிறது, பெட்ரோல் வருகிறது. காற்று? கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தடிமனான ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. அது வெடித்திருந்தால் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகும், லஞ்சம் மாதிரி. வண்டியை வெளியே பனியில் நிறுத்தி, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மாப்பிள்ளை கையில் தீயணைப்பானைக் கொடுத்துவிட்டு, ரப்பரைச் சுற்றிக் கிளீனரைச் சிக்கனமாக அடித்தேன். இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கம் மேலே ஒன்றும் இல்லை. அடிப்பக்கம் அடித்ததும் எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. அந்த வெடிப்பு வழியாக அதையும் உறிஞ்சுகிறது.

கழற்றி வளைத்துப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் அரை விரல் நீளத்துக்கு வெடிப்பு. புது ரப்பர் 30 டாலர். மாட்டி ஓட்டியதில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் எஞ்சின் ஒழுங்காக இறங்கியது. இரண்டு பிளக்கும் காப்பிக்கொட்டை.

இப்போது சொல்லுங்கள். 900 டாலர் கொடுத்து இரண்டு புதுக் கார்புரேட்டரை அந்த வெடித்த ரப்பர் மேலேயே மாட்டியிருந்தால்? மாட்டுகிறவர் கவனித்திருக்கலாம் என்பீர்கள். கவனித்திருக்கலாம். ஆனால் பத்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதியவர் அடிப்பக்கத்தை எதற்காக வளைத்துப் பார்க்கப் போகிறார்? புதுக் கார்புரேட்டரில் ஜெட் சுத்தமாக இருந்திருக்கும், வண்டி ஓடியிருக்கும், மாப்பிள்ளை ஏரிக்குப் போயிருப்பார். மீதியை நான் எழுத விரும்பவில்லை.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அங்கே மணிக்கூலி அதிகம். நான் இரண்டு சனிக்கிழமை செலவழித்தேன். அதே நேரத்துக்குப் பட்டறையில் பில் போட்டால் புதுக் கார்புரேட்டரே மலிவாகத் தெரியும். ஓய்வூதியக்காரனுக்கு நேரம் இருக்கிறது, உழைக்கிறவனுக்கு இல்லை என்று மாப்பிள்ளையே சொன்னார். சரிதான். ஆனால் பிளக் பார்க்க ஐந்து நிமிடம், ரப்பர் பார்க்க ஐந்து நிமிடம், பெட்ரோலை முகர்ந்து பார்க்க ஒரு நிமிடம். நான் கேட்பது அந்தப் பதினோரு நிமிடத்தைத்தான். இரண்டாவது, கார்புரேட்டர் காலமே முடிந்துவிட்டது என்பார்கள். உண்மை. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூவல் இஞ்செக்‌ஷன்தான். புகை குறைந்தது, நல்லதுதான். நான் பழைய காலத்தைத் திரும்பக் கேட்கவில்லை. புது வண்டியிலும் "சென்சார் போச்சு, மாத்திடலாம்" என்றுதானே சொல்கிறார்கள்? சாமான் மாறியிருக்கிறது, பேச்சு மாறவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தச் சண்டை முழுதாகாது.

நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதிய ஃபைல்கள் என் மேசைக்கு வரும். ஓர் அம்மா. கணவர் கடைநிலை ஊழியராக இருந்து இறந்தவர். அவருடைய ஃபைல் மேலிடத்திலிருந்து "குறைபாடு உள்ளது" என்று திரும்பி வந்தது. என்ன குறைபாடு என்று நான் பார்க்கவில்லை. மேசையில் ஃபைல் மலை. "எல்லாத்தையும் புதுசா எழுதி, புதுசா சான்றிதழ் வாங்கிட்டு வாம்மா" என்றேன். வாங்கி வந்தார். மறுபடி திரும்பியது. மறுபடியும் அதையே சொன்னேன். மூன்று முறை. ஏழு மாதம். நான்காவது முறை அந்த அம்மா அழுததைப் பார்த்துவிட்டு எங்கள் சூப்பரின்டெண்ட் ஃபைலை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் ஒரு கையெழுத்து இல்லை. அந்த அம்மா போட வேண்டிய கையெழுத்து அல்ல, எங்கள் அலுவலகம் போட வேண்டியது.

புதுசு புதுசாகக் கார்புரேட்டர் மாற்றச் சொன்னேன் நான். வெடிப்பு எங்கள் ரப்பரில் இருந்தது. அந்த ஏழு மாதம் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அப்போது கேட்கவில்லை. பனியில் அந்த ரப்பரை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்த அம்மாவின் முகம்தான் வந்தது. மாப்பிள்ளை "என்ன மாமா, குளிருதா?" என்றார். ஆமாம் என்றேன்.

கடைசியாக, பழைய வண்டி வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு. இப்போது பங்குகளில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் கார்புரேட்டரில் இருக்கிற பெட்ரோலை வடித்துவிடுங்கள். மெக்கானிக்கிடம் போனால் "என்ன போச்சு" என்று மட்டும் கேட்காதீர்கள். "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள்.

அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு மார்ச் மாதமும் மாப்பிள்ளை போன் செய்து, "மாமா, பெட்ரோல் வடிச்சுட்டேன்" என்று சொல்கிறார்.